கடலோரப் பாதுகாப்புத் திட்டத்துக்கு நிதி பெறுவது எப்படி: எதை முதலில் செய்வது, எதை அடுத்துச் செய்வது

பிச்சாவரத்திலிருந்து தூத்துக்குடி வரை, கடற்கரை ஊர்களில் வேலை செய்யும் சிறு அறக்கட்டளைகளுக்கும் இளைஞர் குழுக்களுக்கும் நிதி விண்ணப்பம் எழுத உதவி வருகிறேன். நிராகரிக்கப்பட்டவற்றை எடுத்துப் பார்த்தால், பெரும்பாலானவை மோசமான திட்டங்கள் அல்ல. வரிசை தப்பிய திட்டங்கள். நிதிக்கான விண்ணப்ப அழைப்பு வெளியான பிறகு பதிவுச் சான்றுக்கு ஓடுவார்கள், பணம் கிடைத்த பிறகு வனத்துறை அனுமதிக்கு ஓடுவார்கள். அதனால் இந்த வழிகாட்டியில் நிதி தருபவர்களின் பட்டியலை ஐந்தாவது படியில்தான் வைத்திருக்கிறேன். நேராக அங்கே போய்விட வேண்டாம். முதல் நான்கு படிகள் முடியாமல் அந்தப் பட்டியலால் பயன் இல்லை.

1. ஒரு இடம், ஒரு பிரச்சினை, அதன் காரணம்

"கடலைக் காப்போம்" என்பதற்கு யாரும் பணம் தருவதில்லை. எந்த ஊர், எத்தனை ஹெக்டேர், எந்த உயிரினம், என்ன கேடு என்று சொல்ல முடிந்தால்தான் பேச்சே தொடங்கும்.

புதியவர்கள் கேட்டை விவரிப்பதோடு நின்றுவிடுகிறார்கள். காரணத்தைச் சொல்வதில்லை. முத்துப்பேட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். "அலையாத்திக் காடு அழிந்துவிட்டது, பத்தாயிரம் கன்று நடுவோம்" என்று ஒரு குழு எழுதியது. அந்த இடத்தைப் பார்க்கப் போனபோது கூட வந்த பெரியவர் ஒரே வார்த்தையில் முடித்தார்: "தம்பி, தண்ணி வந்து போனாத்தான் செடி நிக்கும். வாய்க்கா தூந்து போச்சு, அதப் பாருங்க."

அறிவியலும் அதையேதான் சொல்கிறது. பழைய காலத்தில் மரங்களை மொத்தமாக வெட்டிய இடங்களில் தரை தாழ்ந்து தொட்டி போல ஆனது. ஏறிவரும் ஓதத்தண்ணீர் வடியாமல் தேங்கியது. அது வெயிலில் வற்ற வற்ற மண்ணில் உப்பு ஏறியது. அந்த மண்ணில் எத்தனை கன்று நட்டாலும் கருகும். பிச்சாவரத்திலும் முத்துப்பேட்டையிலும் மீன்முள் வடிவத்தில் வாய்க்கால் வெட்டி, ஓதம் உள்ளே வந்து வெளியே போக வழி செய்த பிறகுதான் காடு திரும்பியது.

இந்தக் காரணம் கையில் இருந்தால் விண்ணப்பமே மாறிவிடும். செலவு நாற்றுக்கு இல்லாமல் வாய்க்காலுக்குப் போகும். அளக்க வேண்டியது கன்றுகளின் எண்ணிக்கை அல்ல, மண்ணின் உவர்ப்பு என்பது தெரியும். மதிப்பீட்டாளருக்கும் "இவர்களுக்கு இடம் தெரிந்திருக்கிறது" என்ற நம்பிக்கை வரும்.

வழக்கமான தவறுகள்: கடற்தாழை என்ற கடற்புல் வளரும் சேற்றுப் பரப்பில் அலையாத்தி நடத் திட்டமிடுவது, ஆமை முட்டையிடும் மணலில் சவுக்கு நடுவது. ஒரு வாழிடத்தை அழித்து இன்னொன்றை உண்டாக்குவதற்குப் பெயர் பாதுகாப்பு இல்லை. துறை தெரிந்த மதிப்பீட்டாளர் முதல் பக்கத்திலேயே தள்ளிவிடுவார், தள்ளவும் வேண்டும்.

2. பணத்துக்கு முன்பே அளக்கத் தொடங்குங்கள்

"நிதி கிடைத்ததும் ஆய்வு செய்வோம்" என்று எழுதுகிறார்கள். நிதி தருபவர் பக்கமிருந்து பாருங்கள். தொடக்க நிலை தெரியாத ஒருவர், முடிவில் மாற்றம் வந்தது என்று எப்படிக் காட்டுவார்?

ஒரு பருவத்துக்கான தரவைப் பணமே இல்லாமல் சேர்க்கலாம். ஆமை என்றால், ஜனவரியிலிருந்து ஏப்ரல் வரை ஒரே கரையில் இரவு நடந்து, கண்ட தடங்களையும் கூடுகளையும், கரை ஒதுங்கிய இறந்த பங்குனி ஆமைகளையும் தேதி, இடக் குறிப்பு, படத்தோடு பதிவு செய்யுங்கள். சென்னையில் மாணவர்களின் கடலாமைப் பாதுகாப்பு அமைப்பு 1988 முதல் தன்னார்வலர்களைக் கொண்டே கரை நடந்து வருகிறது. காலும் நோட்டுப்புத்தகமும் போதும். முட்டையை மட்டும் தொடாதீர்கள். ஏன் என்பது அடுத்த படியில் வருகிறது.

கடற்தாழை என்றால், அரை மீட்டர் சதுரச் சட்டம் ஒன்றைச் செய்துகொண்டு, ஆழம் குறைந்த இடத்தில் ஒரே கோட்டில் சம தூரத்தில் வைத்து, சட்டத்துக்குள் எத்தனை சதவீதம் பச்சை என்று குறியுங்கள். ஒவ்வொன்றுக்கும் மேலிருந்து ஒரு படம் எடுங்கள். கணுக்காலளவுத் தண்ணீரில் செய்யக்கூடிய வேலைதான். அலையாத்தி என்றால் உயிரோடு நிற்கும் மரங்கள், கருகியவை, தண்ணீர் தேங்கும் நாட்கள், மண்ணின் உவர்ப்பு. உவர்ப்பு அளக்கும் கருவி இல்லையென்றால் அருகிலுள்ள கல்லூரியில் கேளுங்கள். பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையமும், தூத்துக்குடியில் மீன்வளக் கல்லூரியும் இருக்கின்றன.

நான்கு மாதத் தரவு ஒரு பக்கம் இருந்தாலும், பத்துப் பக்க வர்ணனையைவிட அது கனமானது.

3. அந்த நிலமும் கடலும் யார் பொறுப்பில்?

இந்தப் படியைத்தான் அதிகம் பேர் தாண்டிக் குதிக்கிறார்கள். எனக்குத் தெரிந்த ஒரு குழுவுக்குப் பன்னிரண்டு மாத நிதி கிடைத்தது. அனுமதிக் கடிதம் வந்தபோது ஏழு மாதம் போயிருந்தது. மீதி மாதங்களில் காற்று ஒத்துழைக்கவில்லை. பணத்தில் பாதியைத் திருப்பிக் கொடுத்தார்கள்.

மன்னார் வளைகுடாக் கடல்சார் தேசியப் பூங்கா 1986இல் அறிவிக்கப்பட்டது. 21 தீவுகள், 560 சதுர கிலோமீட்டர் பரப்பு. அவற்றில் இரண்டு தீவுகள் இப்போது கடலுக்குள் போய்விட்டன. பூங்காவுக்குள் நுழையவும் ஆய்வு செய்யவும் தலைமை வன உயிரினக் காப்பாளரின் அனுமதி வேண்டும். அலுவலகம் சென்னையில் இருந்தாலும் மாவட்ட அளவிலான வன உயிரினக் காப்பாளரிடமிருந்துதான் கருத்துக் கேட்பார்கள். ஆகவே முதலில் அவரைச் சந்தித்துத் திட்டத்தை விளக்கிவிட்டு மேலே அனுப்புங்கள். அவருக்குத் தெரியாத கோப்பு மேலிருந்து இறங்கி வந்தால் தாமதம் நிச்சயம்.

பாக் விரிகுடாவில் 2022 செப்டம்பரில் தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கடற்பகுதியில் 448 சதுர கிலோமீட்டர் கடற்பசுப் பாதுகாப்பகம் அறிவிக்கப்பட்டது. அங்கே ஆவுளியா எனப்படும் கடற்பசு பற்றி வேலை செய்ய நினைப்பவர்களும் வனத்துறையிடமிருந்தே தொடங்க வேண்டும்.

கடற்பசு, கடலாமை, பவளம், கடற்குதிரை, கடல் அட்டை எல்லாம் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருபவை. நல்ல எண்ணத்தோடு ஆமை முட்டையை எடுத்து இடம் மாற்றினாலும் அனுமதி இல்லாவிட்டால் அது குற்றம். பவளத் துண்டை ஒட்டி வளர்க்கிறேன் என்று இறங்குவதும் அப்படியே. மாதிரிகளை வெளிநாட்டு ஆய்வகத்துக்கு அனுப்பும் எண்ணம் இருந்தால் தேசியப் பல்லுயிர் ஆணையத்தின் ஒப்புதலையும் கேட்டுத் தெளிந்துகொள்ளுங்கள். அதன் தலைமையகம் சென்னையிலேயே இருக்கிறது.

சட்டத்துக்கு வெளியே இன்னொரு அனுமதி இருக்கிறது. என் கணக்கில் அதுவே முதன்மையானது. மீனவர் ஊர்ப் பஞ்சாயத்தின் சம்மதம்தான் அது. அவர்கள் வலை விடும் இடத்தில் நீங்கள் மிதவை போட்டுவிட்டுப் பிறகு விளக்கம் சொன்னால் அந்த ஊரில் மறுபடி கால்வைக்க முடியாது. பாசி எடுக்கும் பெண்கள் இருக்கும் ஊரில் ஆண்கள் கூட்டத்தில் மட்டும் பேசிவிட்டு "ஊர் ஒப்புக்கொண்டது" என்று எழுதாதீர்கள். அவர்களோடு தனியாக உட்கார்ந்து பேசுங்கள். பேசிய பின் ஊர்த் தலைவர் கையெழுத்தோடு ஒரு பக்கக் கடிதம் வாங்குங்கள். தமிழிலேயே இருக்கட்டும். ஆங்கில மொழிபெயர்ப்பை நீங்கள் இணைக்கலாம்.

அனுமதி இன்னும் வரவில்லையென்றால் விண்ணப்பத்தில் உண்மையை எழுதுங்கள்: இந்தத் தேதியில் விண்ணப்பித்தோம், ஒப்புகைச் சீட்டு இணைப்பில் உள்ளது. மறைப்பதைவிட இது பலமானது.

4. யார் பெயரில் பணம் வாங்குவது?

இந்தியப் பணம் என்றால் ஒரு வழி, வெளிநாட்டுப் பணம் என்றால் வேறு வழி. இரண்டையும் குழப்பிக்கொள்வதால் வரும் சேதம் பெரியது. தனித்தனியாகச் சொல்கிறேன்.

முதலில் அடிப்படை ஆவணங்கள். அறக்கட்டளையாகவோ, சங்கமாகவோ, கம்பெனிச் சட்டத்தின் எட்டாம் பிரிவில் வரும் லாப நோக்கமற்ற நிறுவனமாகவோ பதிவு. அதன் பெயரில் பான் அட்டையும் வங்கிக் கணக்கும். எல்லோரும் 12ஏ (அமைப்பின் வருமானத்துக்கு வரிவிலக்கு), 80ஜி (நன்கொடையாளருக்கு வரிச்சலுகை) என்று சொல்லும் வருமான வரிப் பதிவுகள். தன்னார்வ அமைப்புகளுக்கான நிதி ஆயோக்கின் தர்ப்பண் தளத்தில் பதிவு எண். தணிக்கை செய்த மூன்றாண்டுக் கணக்கு. பதிவுப் பத்திரத்தின் நோக்கங்களில் சுற்றுச்சூழல் அல்லது இயற்கைப் பாதுகாப்பு என்று எழுதியிருக்கிறதா என்றும் இன்றே எடுத்துப் பாருங்கள். கல்வி, மருத்துவம் மட்டும் எழுதியிருந்த ஒரு அறக்கட்டளை, நல்ல திட்டத்தோடு போயும் வாசலிலேயே நின்றது.

நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதி, அதாவது சி.எஸ்.ஆர். வேண்டுமானால் மேலும் ஒன்று தேவை. 2021 ஏப்ரல் 1 முதல் சி.எஸ்.ஆர்.-1 என்ற படிவத்தைக் கம்பெனி விவகார அமைச்சகத்தின் தளத்தில் பதிவு செய்து எண் பெற வேண்டும். ஆடிட்டரின் சான்று அதற்கு வேண்டும். வெளி அமைப்பு என்றால் மூன்றாண்டு அனுபவமும் கேட்பார்கள்.

இனி வெளிநாட்டுப் பணம். எஃப்.சி.ஆர்.ஏ. என்ற வெளிநாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டத்தின் கீழ் பதிவோ முன் அனுமதியோ இல்லாமல் ஒரு பவுண்டு கூட வாங்கக் கூடாது. பதிவுக்கு அமைப்பு மூன்றாண்டு பழையதாக இருக்க வேண்டும். கடந்த மூன்று நிதியாண்டுகளில் தன் நோக்கத்துக்காகக் குறைந்தது 15 லட்சம் ரூபாய் செலவு செய்திருக்க வேண்டும். புதிய சிறு அமைப்புகளுக்கு இது எட்டாத உயரம். அவர்களுக்கான வழிதான் முன் அனுமதி. குறிப்பிட்ட நிதியாளர், குறிப்பிட்ட தொகை, குறிப்பிட்ட வேலை என்று காட்டி விண்ணப்பிப்பது. அதற்கு நிதியாளரின் உறுதிக் கடிதம் வேண்டும். ஆகவே, "தேர்வானால் முன் அனுமதி வரும்வரை காத்திருப்பீர்களா" என்று நிதியாளரிடம் முதல் மின்னஞ்சலிலேயே கேட்டுவிடுங்கள்.

பதிவு பெற்றவர்கள் பணத்தை டெல்லியில் உள்ள பாரத ஸ்டேட் வங்கியின் முதன்மைக் கிளையில் திறந்த கணக்கில்தான் பெற முடியும். நிர்வாகச் செலவு 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. 2020 திருத்தத்துக்குப் பிறகு அந்தப் பணத்தை வேறு அமைப்புக்குக் கைமாற்றவும் முடியாது. "பெரிய அமைப்பின் பெயரில் வாங்கி எங்களுக்குக் கொடுக்கச் சொல்லலாம்" என்ற பழைய யோசனையை இன்னும் சிலர் சொல்கிறார்கள். அந்தக் கதவு மூடிவிட்டது. பெரிய அமைப்பு தானே செலவு செய்து உங்கள் ஊரில் வேலையை நடத்தலாம், அவ்வளவுதான்.

சிங்கப்பூரிலோ லண்டனிலோ இருக்கும் ஊர்க்காரர் பணம் தர முன்வந்தால், அவரிடம் இருப்பது எந்த நாட்டுக் கடவுச்சீட்டு என்று கேளுங்கள். இந்தியக் குடிமகனாகவே இருந்து தன் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டுப் பங்களிப்பு ஆகாது. வெளிநாட்டுக் குடியுரிமை பெற்றுவிட்டவர் என்றால் ஆகும், பூர்வீகம் எதுவாக இருந்தாலும். கேட்கக் கூச்சமாக இருக்கும். கேட்காமல் வாங்கினால் சிக்கல் உங்கள் அமைப்புக்கு.

தனி ஆளுக்கு நிதி தரும் வெளிநாட்டு அறக்கட்டளைகள் உண்டு. அவர்கள் தருகிறார்கள் என்பதால் நம் சட்டம் விலகிக்கொள்ளாது. எஃப்.சி.ஆர்.ஏ. தெரிந்த ஆடிட்டரிடம் எழுத்தில் கருத்து வாங்கிய பிறகே விண்ணப்பியுங்கள்.

5. இப்போது நிதியாளரைத் தேடுங்கள்

தேடும்போது ஒரே கேள்வியை மனதில் வையுங்கள்: இவர் பணம் தருவது உயிரினத்துக்கா, வாழிடத்துக்கா, மக்களுக்கா, ஆளை வளர்க்கவா? ஒரே திட்டத்தை எல்லோருக்கும் அனுப்புவது வீண்.

*ரஃபோர்டு அறக்கட்டளை.* பிரிட்டனைச் சேர்ந்தது. தனி ஆட்களுக்கும் சிறு குழுக்களுக்கும் படிப்படியாக வளரும் சிறு நிதிகள் தருகிறது. ஆண்டு முழுவதும் விண்ணப்பிக்கலாம். பெரும்பகுதி களப்பணிக்குப் போக வேண்டும், பரிந்துரை செய்ய மூவர் வேண்டும். இதுவரை நிதி பெற்ற திட்டங்களையும் அறிக்கைகளையும் தன் தளத்திலேயே வைத்திருக்கிறது. இந்தியக் கடலோரத் திட்டங்களின் அறிக்கைகளில் பத்தையாவது படித்த பிறகு எழுதுங்கள். என்ன அளவில், என்ன தொனியில் எழுதுகிறார்கள் என்பது வேறெங்கும் இவ்வளவு வெளிப்படையாகக் கிடைக்காது.

*முகமது பின் சயீத் உயிரினப் பாதுகாப்பு நிதி.* குறிப்பிட்ட உயிரினத்துக்கானது, 25,000 டாலர் வரை. கடற்பசுவுக்கோ அழிவின் விளிம்பில் உள்ள திருக்கை இனத்துக்கோ பொருந்தும். "கடற்கரையைச் சுத்தம் செய்தல்" போன்றவை பொருந்தாது.

*உலகச் சுற்றுச்சூழல் வசதியின் சிறு மானியத் திட்டம்.* ஐ.நா. வளர்ச்சித் திட்டத்தின் வழியாக நடப்பது. இந்தியாவில் டெரி என்ற ஆய்வு நிறுவனம் நடத்தி வந்திருக்கிறது. சமூக அமைப்புகளுக்கானது. வாழ்வாதாரமும் இயற்கையும் சேர்ந்திருக்க வேண்டும்.

*தி ஹாபிடாட்ஸ் டிரஸ்ட்.* இந்திய அமைப்பு. அதிகம் பேசப்படாத உயிரினங்களிலும் வாழிடங்களிலும் அக்கறை உள்ளது. எஃப்.சி.ஆர்.ஏ. இல்லாதவர்கள் இதுபோன்ற உள்நாட்டு நிதிகளில் தொடங்குவதே நல்லது.

*சி.எஸ்.ஆர்.* நிகர மதிப்பு 500 கோடி ரூபாய், விற்றுமுதல் 1,000 கோடி, நிகர லாபம் 5 கோடி, இவற்றில் ஏதாவது ஒன்றை எட்டும் நிறுவனம் மூன்றாண்டுச் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் செலவிட வேண்டும். சுற்றுச்சூழல் பாதுகாப்பு அதற்கான பட்டியலில் இருக்கிறது. நிறுவனங்கள் ஏப்ரலில் தொடங்கும் ஆண்டுக்கான திட்டத்தை அதற்கு முந்தைய மாதங்களிலேயே பேசத் தொடங்குகின்றன. டிசம்பருக்குள் உங்கள் இரண்டு பக்கக் குறிப்பு அவர்கள் மேசையில் இருக்கட்டும். பன்னாட்டு நிறுவனத்தின் இந்தியக் கிளை என்றால், அந்தப் பணம் வெளிநாட்டுப் பங்களிப்பில் சேருமா என்று எழுத்தில் கேளுங்கள்.

சி.எஸ்.ஆரில் ஒரு மனச்சங்கடம் உண்டு. கடலோரத்தில் பணம் வைத்திருக்கும் நிறுவனங்களில் சில, அந்தக் கடலோரத்தின் பிரச்சினையிலும் பங்குள்ளவை. அனல்மின் நிலையத்தின் சுடுநீர் விழும் முகத்துவாரத்தில், அதே நிறுவனத்தின் பணத்தில் கன்று நடலாமா? என் நிலைப்பாடு: முடிவை நீங்கள் எடுக்காதீர்கள், அந்த ஊர் மீனவர்கள் எடுக்கட்டும். அவர்கள் நீதிமன்றத்தில் எதிர்த்து நிற்கும் நிறுவனத்திடம் நீங்கள் பணம் வாங்கினால், அந்த ஊருக்கும் உங்களுக்குமான உறவு அத்தோடு முடிந்தது.

*அரசுத் திட்டங்கள்.* மத்திய அரசு 2023இல் தொடங்கிய மிஷ்டி அலையாத்தித் திட்டமும், உலக வங்கி உதவியோடு நடக்கும் தமிழ்நாட்டின் நெய்தல் மீட்சி இயக்கமும் பெரியவை. ஆனால் அவை சிறு அமைப்புகளுக்கு விண்ணப்பத்தின் பேரில் மானியம் தருபவை அல்ல. பணம் துறைகள் வழியாகப் போகிறது. மாவட்ட வன அலுவலகத்தோடு சேர்ந்து, மக்கள் பங்கேற்புக்கும் கண்காணிப்புக்கும் துணையாக வேலை செய்யும் இடம்தான் உங்களுடையது.

விண்ணப்பிக்கவோ, தேர்வான பின் பணத்தை விடுவிக்கவோ கட்டணம் கேட்பவர் யாராக இருந்தாலும் ஏமாற்றுக்காரர். இதில் விதிவிலக்கு வேண்டாம்.

6. காற்றைப் பார்த்துத் தேதி போடுங்கள்

வெளிநாட்டு நிதியாளரின் படிவத்தில் முதல் மாதம், இரண்டாம் மாதம் என்று கட்டங்கள் இருக்கும். அதில் நம் கடலை நிரப்புவது நம் வேலை.

மண்டபம், பாம்பன் மீனவர்கள் வடகடல், தென்கடல் என்று பிரித்துப் பேசுவார்கள். வாடைக் காற்று அடிக்கும்போது வடகடலான பாக் விரிகுடா கொந்தளிக்கும், தென்கடல் அடங்கியிருக்கும். கச்சான் எழும்பும் மாதங்களில் தென்கடலான மன்னார் வளைகுடா புரளும், வடகடல் அடங்கும். ஜூலையில் தென்கடல் தீவுகளில் பவள ஆய்வு என்று எழுதியவருக்கு நீருக்கடியில் கை தெரியாது.

கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை. விசைப்படகுக்காரர்கள் கரையில் இருப்பார்கள். வலையில் ஆமை சிக்குவது பற்றி அவர்களோடு பேசவும் பயிற்சி நடத்தவும் இதைவிட நல்ல நேரம் கிடையாது. வாய்க்கால் வெட்டும் வேலை வடகிழக்குப் பருவமழைக்கு முன் முடிந்துவிட வேண்டும். மழை இறங்கிய சேற்றில் வெட்டினால் கரை சரியும்.

இனி பின்னோக்கி எண்ணுங்கள். ஜனவரியில் ஆமை நடை தொடங்க வேண்டுமானால் டிசம்பரில் ஆட்களுக்குப் பயிற்சி. நவம்பரில் பணம் கணக்கில். முடிவு அறிவிக்கவும் ஒப்பந்தம் போடவும் ஐந்தாறு மாதம். ஆகவே முந்தைய ஏப்ரல், மே மாதத்திலேயே விண்ணப்பம் போயிருக்க வேண்டும். அக்டோபரில் பதறிக்கொண்டு வருபவர்களிடம் அடுத்த ஆண்டுக்கு எழுதுங்கள் என்றுதான் சொல்கிறேன்.

7. இரண்டு பக்கக் குறிப்பு: முதலில் தமிழில்

முழு விண்ணப்பத்துக்கு முன் இரண்டு பக்கக் கருத்துக் குறிப்பு எழுதுங்கள். பல நிதியாளர்கள் முதல் சுற்றில் அதை மட்டுமே கேட்கிறார்கள். கேட்காவிட்டாலும் உங்கள் சிந்தனை தெளிய அது வேண்டும்.

அதைத் தமிழில் எழுதி ஊர்க் கூட்டத்தில் வாசியுங்கள். நான் பார்த்தவரை, ஒவ்வொரு வாசிப்பிலும் குறைந்தது ஒரு பிழையாவது பிடிபடுகிறது. இடத்தின் பெயர் தப்பாக இருக்கும், அல்லது அந்த மாதத்தில் அங்கே கூடு வலை கட்டியிருப்பார்கள். பிறகு ஆங்கிலத்துக்குக் கொண்டுபோங்கள், சின்னச் சின்ன வாக்கியங்களாக. அலங்கார ஆங்கிலத்தில் எழுதினால்தான் மதிப்பு என்ற பயம் பலருக்கு இருக்கிறது. மதிப்பீட்டாளர் ஒரே நாளில் பல குறிப்புகளைப் படிப்பவர். எளிய வாக்கியம் அவருக்கு ஓய்வு.

குறிப்பின் வரிசை இப்படி இருக்கட்டும்: இடமும் கேடும், காரணம், நீங்கள் ஏற்கெனவே அளந்தது, செய்யப்போவது, யார் செய்வார்கள், எப்படி அளப்பீர்கள், எவ்வளவு ஆகும். உங்கள் அமைப்பின் வரலாற்றைக் கடைசியில் நான்கு வரியில் வையுங்கள். தொடங்கிய ஆண்டு, பெற்ற விருதுகள் என்று முதல் பக்கத்தை நிரப்பினால் பிரச்சினைக்கு இடம் இருக்காது.

உயிரினத்தின் ஊர்ப் பெயரையும் அறிவியல் பெயரையும் சேர்த்தே எழுதுங்கள். ஊருக்கு ஊர் பெயர் மாறும். அறிவியல் பெயர் இல்லாமல் நீங்கள் எதைச் சொல்கிறீர்கள் என்று வெளியாருக்குத் தெரியாது.

8. வரவுசெலவுத் திட்டம்

மதிப்பீட்டாளர்களில் பலர் இந்தப் பக்கத்தைத்தான் முதலில் திறக்கிறார்கள். திட்டம் புரிந்து எழுதியதா, ஊகித்து எழுதியதா என்பது இங்கே தெரிந்துவிடும்.

"படகு வாடகை: 1,00,000" என்று எழுதாதீர்கள். "26 நாள், நாளுக்கு 3,500 வீதம் 91,000" என்று எழுதுங்கள். இது உதாரணத் தொகைதான், உங்கள் ஊர் வாடகையைப் படகுக்காரரிடம் கேட்டு, டீசலும் ஓட்டுநரும் சாப்பாடும் அதில் சேர்ந்ததா என்று தெளிவாக்குங்கள். ஆய்வுக்கு 20 நாள் போதுமென்றால் 26 ஏன்? காற்று மாறித் திரும்பி வரும் நாட்களுக்கும் வாடகை உண்டு. அதையும் குறிப்பில் எழுதுங்கள். அனுபவம் உள்ளவர் என்பதற்கு அதுவே சான்று.

"நாங்கள் தன்னார்வலர்கள், சம்பளம் வேண்டாம்" என்று எழுதுவது தியாகமாகத் தோன்றும். நிதியாளருக்கு அது ஆபத்தாகத் தெரியும். ஆறாம் மாதத்தில் வேறு வேலை கிடைத்து நீங்கள் போய்விட்டால்? களப்பணியாளருக்கு நியாயமான கூலி போடுங்கள். தன்னார்வ நேரத்தை உங்கள் பங்களிப்பு என்று தனியாகக் காட்டுங்கள். ஒரு நாள் மீன்பிடியை விட்டுவிட்டு உங்களோடு வரும் மீனவருக்கு, அந்த நாள் இழப்புக்குக் குறையாமல் கொடுங்கள். அவர் அறிவை இலவசமாக எடுத்துக்கொண்டு கருவிக்கு மட்டும் லட்சம் போடும் பட்டியலைப் பார்த்தால் எனக்கு வலிக்கும்.

மறந்துபோகும் செலவுகள்: தணிக்கைக் கட்டணம், வங்கிக் கட்டணம், கடலில் இறங்குபவர்களுக்கு விபத்துக் காப்பீடு, உயிர்காப்பு உடை, வாங்கும் பொருளுக்கான ஜி.எஸ்.டி., அறிக்கையை ஊருக்குத் தமிழில் அச்சிடும் செலவு. கணக்கை ரூபாயில் போட்டு, எந்தத் தேதியின் மாற்று விகிதத்தில் டாலருக்கோ பவுண்டுக்கோ மாற்றினீர்கள் என்று அடியில் எழுதுங்கள்.

உச்ச வரம்பு 25,000 டாலர் என்பதால் 25,000 கேட்க வேண்டியதில்லை. 14,300க்கான வேலைக்கு 14,300 கேளுங்கள்.

9. அனுப்புவதற்கு முந்தைய வாரம்

பரிந்துரை தருபவர்களிடம் கடைசி நாளில் கேட்காதீர்கள். மூன்று வாரம் முன்பே குறிப்பை அனுப்பி, படித்த பின் சம்மதம் கேளுங்கள். பெரிய பெயரைவிட உங்கள் வேலையை நேரில் பார்த்தவரின் கடிதத்துக்கு எடை அதிகம்.

கடல் பற்றித் தெரியாத ஒருவரிடம் விண்ணப்பத்தைக் கொடுத்து, "நாங்கள் என்ன செய்யப்போகிறோம்" என்று திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். அவர் தடுமாறும் இடத்தைத் திருத்துங்கள். அமைப்பின் பெயர் பான் அட்டையிலும் வங்கியிலும் பதிவுப் பத்திரத்திலும் ஒரே எழுத்துக்கூட்டலில் இருக்கிறதா என்று பாருங்கள். தளத்தில் ஏற்றும் வேலையைக் கடைசி நாளுக்கு இரண்டு நாள் முன்பே முடித்துவிடுங்கள்.

10. பதில் வந்த பிறகு

மறுப்பு வந்தால் நன்றி சொல்லி, காரணம் தர முடியுமா என்று இரண்டு வரியில் கேளுங்கள். சிலர் தருவார்கள். அந்தக் காரணத்தைத் திருத்திவிட்டு அடுத்த பொருத்தமான நிதியாளருக்கு அனுப்புங்கள். திருத்தாமல் முகவரியை மட்டும் மாற்றி அனுப்பினால் பழைய நிதியாளரின் பெயர் எங்காவது நடுவில் நின்றுவிடும். இது நடக்கிறது.

பணம் வந்தால், அந்தத் திட்டத்துக்குத் தனிக் கணக்கேடு போடுங்கள். ரசீது தராத படகுக்காரரிடம் தேதி, தொகை, வேலை எழுதிய சீட்டில் கையெழுத்தும் கைப்பேசி எண்ணும் அன்றே வாங்குங்கள். மாதக் கடைசியில் தேடினால் கிடைக்காது. ஒரு தலைப்பின் பணத்தை இன்னொரு தலைப்பில் செலவிட வேண்டி வந்தால் முதலில் எழுதிக் கேளுங்கள், பிறகு செலவிடுங்கள். எஃப்.சி.ஆர்.ஏ. உள்ளவர்கள் ஆண்டறிக்கையான எஃப்.சி.-4 படிவத்தை நிதியாண்டு முடிந்து ஒன்பது மாதத்துக்குள், அதாவது டிசம்பர் 31க்குள் தாக்கல் செய்ய வேண்டும். பதிவைப் புதுப்பிக்கும் விண்ணப்பத்தைக் காலாவதிக்குக் குறைந்தது நான்கு மாதம் முன்பே போடுங்கள்.

தோல்வியையும் அறிக்கையில் எழுதுங்கள். கடற்தாழையைக் கட்டி நட்ட சட்டங்களில் பாதியைப் புயல் அடித்துப் போயிருந்தால், எந்த ஆழத்தில் வைத்தவை போயின, எவை நின்றன என்று எழுதுங்கள். அடுத்த கட்ட நிதிக்கு அதே நிதியாளரிடம் போகும்போது, இனி எந்த ஆழத்தில் சட்டம் கட்டுவீர்கள் என்ற கேள்விக்கு அந்தப் பக்கத்தையே எடுத்துக் காட்டலாம்.